இரண்டே நகர்வில் மேட்: செஸ் புதிர்களோடு பழகும் முறை

ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் மாலை நேரத்தில் கேரம் பலகையைச் சுற்றி ஆட்கள் கூடி நிற்பது நாம் பார்த்துப் பழகிய காட்சி. செஸ் பலகையும் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் எதிராளியை வெல்வதற்காக மட்டுமன்றி, ஒருவர் இயற்றிய புதிரை மற்றொருவர் அவிழ்ப்பதற்காகவும் அந்தப் பலகையை விரிக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் சிலரோடு உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டவற்றை, புதிதாக வருகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேண்டியது கையால் தொட்டு நகர்த்தக்கூடிய ஒரு பலகை. கைப்பேசியில் விடை ஒரு தொடுதல் தொலைவில் காத்திருப்பதால், மனம் முழுமையாகத் தேடுவதில்லை. பலகையில் இவ்வாறு அடுக்குங்கள் (வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் நெடுவரிசைகள் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை, கிடைவரிசைகள் கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை). வெள்ளைக்கு ராஜா சி8, யானை ஏ1, சிப்பாய் பி6. கறுப்புக்கு ராஜா ஏ8, மந்திரி பி8, சிப்பாய்கள் ஏ7, பி7. மந்திரி என்று நான் சொல்வது குறுக்குக் கட்டங்களில் செல்லும் பிஷப்பை. வெள்ளை முதலில் ஆடி இரண்டாம் நகர்வில் மேட் செய்ய வேண்டும், அதாவது கறுப்பு ராஜா தப்ப வழியில்லாதபடி செக் வைக்க வேண்டும். அமெரிக்கச் செஸ் மேதை பால் மார்ஃபியின் பெயரில் வழங்கும் இந்தப் புதிரைவிடப் பொருத்தமான முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

உடனே காயை நகர்த்தாமல், கறுப்பால் இப்போது என்னென்ன செய்ய முடியும் என்று எழுதிப் பாருங்கள். மந்திரி எங்கே நகர்ந்தாலும் யானை ஏ7 சிப்பாயை வெட்டி மேட் ஆகிவிடும். அப்படியானால் வெள்ளை சும்மா ஒரு நகர்வு ஆடிவிட்டுக் காத்திருந்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் ஏ7 சிப்பாய் ஓர் அடியோ இரண்டு அடியோ முன்னேறினால் அந்தத் திட்டம் கலைந்துவிடுகிறது. எனவே அந்தச் சிப்பாயின் வழியை அடைக்க வேண்டும் என்ற எண்ணம் வரும்போதுதான், யானையை ஏ6-இல் கொண்டுபோய் வெட்டுக்கு வைக்கும் நகர்வு கண்ணில் படும். அந்த யானையை பி7 சிப்பாய் வெட்டினால், வெள்ளையின் பி6 சிப்பாய் பி7-க்கு ஏறி மேட். மந்திரி நகர்ந்தால் முன்பு சொன்ன மேட். ஏ7 சிப்பாயோ ராஜாவை மறைத்து நிற்பதால் பக்கத்துச் சிப்பாயை வெட்டவும் முடியாது.

இந்த முதல் நகர்வைத் திறவு நகர்வு என்று நாங்கள் அழைக்கிறோம். நல்ல புதிரில் அது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கும். சரிபோலத் தோன்றி, கறுப்பின் ஒரே ஒரு பதிலால் மட்டும் உடைந்துபோகும் நகர்வைப் போலித்திறவு எனலாம். போலித்திறவுகளையும் அவற்றை உடைக்கும் பதில்களையும் நோட்டுப் புத்தகத்தில் தவறாமல் எழுதுங்கள், ஏனெனில் புதிரை இயற்றியவர் பெரும்பாலும் அவற்றில்தான் தம் உழைப்பைக் கொட்டியிருப்பார்.

இரண்டு நகர்வுப் புதிர்கள் கைவந்த பிறகு, ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தைப் போலத் தோன்றும் ஆய்வுப் புதிர்களுக்குச் செல்லலாம். வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. வெள்ளை முதலில் ஆடுகிறது. இதையொத்த நிலையை 1895-இல் கிளாஸ்கோவின் வாரப் பத்திரிகை ஒன்றில் பார்பியே என்பவர் டிரா என்று வெளியிட்டார். அந்த நகரில் வாழ்ந்த சாவேத்ரா என்னும் ஸ்பானியத் துறவி, சி8-ஐ அடையும் சிப்பாயை ராணியாக்காமல் யானையாக்கினால் வெள்ளை வெல்லும் என்று காட்டினார். கறுப்பு யானையின் செக்குகளுக்குத் தப்பி வெள்ளை ராஜா அதற்குள் சி2-க்கு இறங்கியிருக்கும்; ராணியாக்கினால் டி4-இல் நிற்கும் கறுப்பு யானை சி4-இல் செக் வைக்கும், ராணி அதை வெட்டியதும் ஸ்டேல்மேட் (செக் இல்லாமலேயே நகர வழியற்று டிரா ஆகும் நிலை) ஆகிவிடும். ஒரு வாசகர் பிறருடைய புதிரைத் தீர்க்க உட்கார்ந்து, இயற்றியவரே காணாததைக் கண்ட அந்த நிகழ்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நான்கு பேர் சேர்ந்தால் ஒரு குழு அமைத்துவிடலாம். உலகத் தீர்வுச் சாம்பியன் போட்டியில் இரண்டு நகர்வுப் புதிர்கள் மூன்றுக்கு 20 நிமிடம் தருகிறார்கள், புதிர் ஒன்றுக்கு 5 புள்ளி. அதே அளவை நீங்களும் வைத்துக்கொள்ளலாம், தொடக்கத்தில் நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் தவறில்லை. கேரம் பலகையருகே நிற்பவர்கள் யோசனை சொல்வது நம் பக்கத்து வழக்கம். இங்கே அது கூடாது; முதலில் விடை கண்டவர் தாளை மடித்து வைத்துவிட்டு வாய் திறவாமல் இருக்க வேண்டும். இது எளிதான காரியமன்று.

புதிர் இயற்ற விரும்புகிறவர், முடிவிலிருந்து பின்னோக்கி நடக்கப் பழக வேண்டும். பிடித்த ஒரு மேட் நிலையை வைத்து, அதற்கு முந்தைய நகர்வு எதுவாக இருந்திருக்கும் என்று கேளுங்கள். ஒரு புதிருக்கு ஒரே கருத்துப் போதும். 1845-இல் டெல்லியிலிருந்து லவ்டே என்ற பாதிரியார், மாணவன் என்று பொருள்படும் ‘ஷாகிர்த்’ என்ற புனைபெயரில் லண்டன் செஸ் இதழுக்கு அனுப்பிய புதிரின் கருத்தும் ஒன்றே. வெள்ளைக் காய் ஒரு கட்டத்தைத் தாண்டிச் செல்கிறது. மற்றொரு வெள்ளைக் காய் அந்தக் கட்டத்தில் வந்து நின்று அதன் பாதையை மறைத்து, ஸ்டேல்மேட் ஆகாதபடி கறுப்புக்கு நகர இடம் கொடுக்கிறது. பிறகு விலகி மேட் செய்கிறது. இன்றும் உலகம் இதை இந்தியக் கருப்பொருள் என்றே அழைக்கிறது.

கருத்து கிடைத்ததும், தேவையற்ற காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எடுத்தும் புதிர் நிற்குமானால் அந்தக் காய்க்கு அங்கே வேலையில்லை. திறவு நகர்வு செக்காகவோ வெட்டாகவோ இல்லாதிருப்பது அழகு. அடுக்கிய நிலை உண்மையான ஆட்டத்தில் வரக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே ‘பாப்பாய்’ போன்ற இலவச மென்பொருளில் சோதியுங்கள்.

என் முதல் புதிரை நான் அவ்வாறு சோதிக்காமலேயே குழுவில் வைத்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் பத்து நிமிடத்தில் இரண்டாவது தீர்வைக் கண்டுபிடித்துவிட்டான். இரண்டாம் தீர்வுள்ள புதிர் செல்லாது. ஒரு சிப்பாயைக் கூடுதலாக வைத்து அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

சோதனையில் தேறிய புதிரைச் செஸ் புதிர் இதழ்களின் போட்டிகளுக்கு அனுப்பலாம். நடுவர் பரிசு, சிறப்புக் குறிப்பு, பாராட்டு என்று தரம்பிரித்து அறிவிப்பார். அதே கருத்தை முன்பே வேறொருவர் இயற்றியிருப்பது தெரியவந்தால் பரிசு திரும்பப் பெறப்படுவதும் உண்டு. ஆனால் அனுப்புவதற்கு முன், திருத்திய வடிவத்தைக் குழுவில் மறுபடியும் வையுங்கள். பிழை கண்டவரிடமே முதல் தாளைக் கொடுங்கள்.