1795 முதல் 1803 வரையிலான அமெரிக்க வெள்ளி டாலரைச் சோதிப்பது எப்படி?

பிலடெல்பியா நாணயச்சாலையில் 1795 முதல் அச்சிடப்பட்ட, ஆடை போர்த்திய விடுதலை மங்கையின் உருவம் கொண்ட டாலரை முதன்முறை கையில் எடுப்பவர்கள் அவளுடைய முகத்தைத்தான் பார்ப்பார்கள். போலி செய்பவரும் அந்த முகத்துக்குத்தான் அதிகம் உழைத்திருப்பார். ஆகவே நாணயத்தை நகங்கள் படாமல் விளிம்பில் பிடித்து, மேசைமேல் மென்மையான துணி விரித்துக்கொண்டு, வேறு இடத்திலிருந்து தொடங்குங்கள். எக்காரணம் கொண்டும் அதைத் தேய்த்தோ கழுவியோ பளபளப்பாக்க வேண்டாம்.

முதலில் எடை. 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி டாலரின் எடை 416 கிரெயின், அதாவது 26.96 கிராம், அதில் வெள்ளி ஏறத்தாழ 89.2 விழுக்காடு, மற்றது செம்பு. 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு போதும். நன்கு தேய்ந்த நாணயத்தில் எடை சிறிது குறைந்திருக்கலாம். தேய்மானமே இல்லாத நாணயம் 24 கிராம் காட்டினால் மேற்கொண்டு பார்ப்பதற்கு அதிகம் இல்லை. காந்தம் ஒட்டினால் போலிதான். ஒட்டாவிட்டால் அதனால் எதுவும் உறுதியாவதில்லை, ஏனெனில் பித்தளையும் ஒட்டாது.

அடுத்து அடர்த்தி. தராசின்மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, அளவைச் சுழியமாக்கி, மெல்லிய நூலில் கட்டிய நாணயத்தை அடியிலும் பக்கத்திலும் தொடாதபடி முழுதும் மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். சரியான டாலருக்கு அந்த எண் 2.62க்கு அருகிலும், விடை 10.3க்கு அருகிலும் இருக்கும். அதே எடையுள்ள பித்தளைத் துண்டானால் தராசு 3.1க்கு மேல் காட்டும்.

இனி விளிம்பு. இந்த டாலரின் இரு முகங்களிலும் அதன் மதிப்பு எழுதப்படவில்லை. 'ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்' என்ற வாசகம் விளிம்பில்தான், இடையிடையே சிறு அலங்காரங்களுடன் ஓடுகிறது. முகங்களை அச்சிடுவதற்கு முன்பே வெற்றுத் தகட்டை இரண்டு எழுத்துப் பட்டைகளுக்கு இடையே உருட்டி இவற்றைப் பதித்தார்கள். அதனால் இரு பட்டைகளும் பதித்த பாதிகள் சந்திக்கும் இடத்தில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதும், பின்னர் விழுந்த அச்சின் அழுத்தத்தால் சில எழுத்துகள் நசுங்கியிருப்பதும் இயல்பே. பத்து மடங்கு உருப்பெருக்கியின் கீழ் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடினாலோ, அதை அரத்தால் மறைத்த தடம் தெரிந்தாலோ, அது வார்ப்படமாக இருக்கலாம். எழுத்தே இல்லாமல் வரிகள் மட்டும் இருந்தால் உடனே கீழே வைத்துவிடலாம்.

அதன்பிறகே முகம். வார்ப்பு நாணயத்தின் சமதளப் பகுதியில் நுண்குழிகளும் பருக்களும் தெரியும்; எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். ஆனால் இணைகோடுகளைக் கண்டதும் கீறல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். எடை மிகுந்த தகடுகளை அச்சிடுமுன் அரத்தால் ராவிச் சரிசெய்தார்கள். அத்தடங்கள் அழுத்தம் குறைந்த இடங்களில் இன்றும் நிற்கின்றன. பின்னாளில் விழுந்த கீறல் உருவத்தின் மேலாகக் குறுக்கே வெட்டிச் செல்லும்.

ஆண்டையும் பின்புறத்தையும் ஒப்பிடுவது எளிய சோதனை. சிறிய கழுகு 1795 முதல் 1798 வரை மட்டுமே. கேடயம் தாங்கிய பெரிய கழுகு 1798இல் தொடங்குகிறது. 1799 என்ற ஆண்டுடன் சிறிய கழுகு இருக்கவே முடியாது. 1804 என்றிருந்தால் மகிழ வேண்டாம்: அந்த ஆண்டைத் தாங்கிய டாலர்கள் 1834இலும் அதற்குப் பிறகும் அச்சிடப்பட்டவை, அறியப்பட்டவை மிகச் சிலவே.

இத்தனைக்கும் தப்பிய நாணயத்தை, அதே ஆண்டின் அறியப்பட்ட அச்சு வகைகளின் தெளிவான படங்களுடன், நட்சத்திரங்களின் முனைகள் எந்த எழுத்தை நோக்குகின்றன என்பதுவரை ஒப்பிட வேண்டும். அப்போதைய அச்சுகளில் எழுத்துகளையும் நட்சத்திரங்களையும் கையால் ஒவ்வொன்றாகக் குத்தியதால், இரண்டு அச்சுகள் ஒன்றுபோல் அமைவதில்லை. எந்த வகையுடனும் பொருந்தாத நாணயத்தைப் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனத்திடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே சான்றுப்பெட்டியில் இருந்தால், பெட்டியிலுள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடிப் படத்துடன் ஒப்பிடுங்கள், ஏனெனில் பெட்டிகளையும் போலியாகச் செய்கிறார்கள்.