சரக்கொன்றை வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரையில் சரக்கொன்றை பூத்துத் தொங்குவதைப் பார்த்ததும் பலருக்கும் ஒரு மரம் வைக்கும் ஆசை வருகிறது. அப்புறம் நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். தண்ணீர் ஊற்ற மறப்பது, ஆடு கடிக்க விடுவது எல்லாம் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

விதையை அப்படியே ஊன்றுவது

தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. ஓரத்தில் லேசாக உரசி, ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள்.

"மஞ்சள் கொன்றை" என்று கேட்டு வாங்குவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. தெரிந்தவர் ஒருவர் சிவன் கோயில் நந்தவனத்துக்கென்று நர்சரியில் இந்தப் பெயரைச் சொல்லிக் கன்றுகள் வாங்கினார். மளமளவென்று வளர்ந்தன. மழைக்காலத்தில்தான் பூத்தன, பூங்கொத்துகள் தொங்காமல் கிளை நுனியில் நிமிர்ந்து நின்றன. அது சென்னா ஸ்பெக்டாபிலிஸ், வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட மரம். நம்முடையது காசியா பிஸ்டுலா. சென்னாவும் ஒருகாலத்தில் காசியா பேரினத்திலேயே சேர்க்கப்பட்டிருந்தது, பூவும் மஞ்சள்தான், அதனால் குழப்பம் எளிதில் வருகிறது.

ஆனால் விளைவு சாதாரணமானது இல்லை. முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு காடுகளில் இந்த மரம் பரவி, புல்லையும் உள்ளூர்ச் செடிகளையும் எழும்பவிடாமல் செய்கிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கிறது. நந்தவனத்திலும் அதுதான் நடந்தது: வெட்டினார்கள், துளிர்த்தது, மறுபடி வெட்டினார்கள். கடைசியில் வேரோடு தோண்டித்தான் எடுத்தார்கள். அதற்குள் காய் முற்றி விதை விழுந்துவிட்டது.

இத்தனைக்கும் ஓரளவு வளர்ந்த கன்றிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஓர் இலையைப் பிடித்துச் சிற்றிலைகளை எண்ணுங்கள். சரக்கொன்றையில் மூன்று முதல் எட்டு ஜோடி, ஒவ்வொன்றும் அகலமாக, உள்ளங்கை நீளத்துக்கு இருக்கும். மற்றதில் பெரும்பாலும் பத்து ஜோடிக்கு மேல், சிறியதாக, ஒடுங்கி இருக்கும். விற்பவர் என்ன சொன்னாலும் சரி, எண்ணாமல் காசு கொடுக்காதீர்கள்.

இலை உதிர்ந்ததும் பதறுவது

பூக்கும் முன் உதிர்வது அதன் இயல்பு. பட்டுப்போகிறது என்று நினைத்துத் தண்ணீரைத் தேக்கினால் வேர் அழுகும்.

பூக்கவில்லை என்று யூரியா போடுவது

இலைதான் தழைக்கும். விதையிலிருந்து வந்த மரம் பூக்கச் சில வருடங்கள் ஆகும். நாள் முழுக்க வெயில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். நிழலில் நிற்கும் கொன்றை சரியாகப் பூக்காது.