கடைக் கணினிக்கு உபுண்டு: முதலில் பிரிண்டரைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. காரைக்குடி சேலைக்கடையிலும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையிலும் பில் போடும் பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம் ஏறும். ஆனால் கணக்கு மென்பொருளான டேலிபிரைமுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. அதற்கு மட்டும் ஒரு விண்டோஸ் 11 கணினியை ஒதுக்கிவிடுங்கள். ஆடிட்டர் கேட்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அதிலேயே இருக்கட்டும்.

எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு) பதிப்பு தவிர வேறெதையும் போடாதீர்கள். உபுண்டு 22.04-க்கு 2027 வரை, 24.04-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. இடையில் வரும் பதிப்புகளுக்கு 9 மாதம்தான். 4 ஜி.பி. ராம்தானே என்று சுபுண்டு, லுபுண்டு என்ற இலகுவான உபுண்டு வகைகளைப் போடுபவர்கள் கவனிக்காத ஒன்று: அவற்றின் எல்.டி.எஸ். ஆதரவு 3 ஆண்டுதான். மேலும், உபுண்டுவின் ஐந்தாண்டு ஆதரவு 'மெயின்' என்ற அடிப்படை மென்பொருள் தொகுப்புகளுக்கே. வி.எல்.சி. வீடியோ பிளேயர் இருக்கும் 'யுனிவர்ஸ்' தொகுப்புகளுக்கும் உறுதி வேண்டுமானால் உபுண்டு புரோ என்ற ஆதரவுச் சேவையில் இணையுங்கள். 5 கணினி வரை இலவசம். 32-பிட் செயலியா? உபுண்டுவின் மூலமான டெபியன் 13-இலேயே அதற்கு இன்ஸ்டாலர் இல்லை. விட்டுவிடுங்கள்.

உபுண்டுவை 8 ஜி.பி. பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பிரிண்டர். எச்.பி. லேசர்ஜெட் 1020-ஐ அணைத்தால் அதன் ஃபர்ம்வேர் (அதை இயக்கும் உள்மென்பொருள்) அழிந்துவிடும். ஒவ்வொரு முறையும் கணினிதான் திரும்ப ஏற்ற வேண்டும். அதற்கான பிளகின் என்ற துணை மென்பொருள், எச்.பி. பிரிண்டர் டிரைவரான எச்பிலிப்பின் பதிப்போடு ஒத்துப்போக வேண்டும். உபுண்டுவை மேம்படுத்தியதும் எச்பிலிப் மாறும், பிளகின் பழையதாகவே நிற்கும். விளக்கு எரியும், தாள் வராது. இணையத்தை இணைத்து, டெர்மினலில் 'எச்பி-பிளகின்' (hp-plugin) கட்டளையை மறுபடி ஓட்டினால் போதும். கேனான் எல்.பி.பி. 2900-இன் டிரைவருக்கு 32-பிட் நூலகங்கள் வேண்டும். பில்லுக்கு அதை நம்பாதீர்கள்.

பிராட்காம் வைஃபை இன்னொரு தொல்லை. கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) மாறும்போதெல்லாம் டிரைவர் புதிதாகத் தொகுக்கப்படும். அது தவறினால் ரீபூட்டுக்குப் பின் வைஃபை காணாமல் போகும். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவின் கூடுதல் விருப்பங்களில் பழைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே போங்கள். பிறகு புதிய வன்பொருளுக்காக வரும் ஹெச்.டபிள்யூ.ஈ. கெர்னலை நீக்கி, 24.04-உடன் வந்த 6.8 வரிசையிலேயே நிறுத்திவிடுங்கள். அதுவரை கைப்பேசியை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்தால் இணையம் வரும்.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் கோப்பில் பழுதில்லை, எழுத்துரு இல்லை; விண்டோஸிலிருந்து கொண்டுவந்து நிறுவுங்கள். புதியவற்றை ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையில் யுனிகோடில் அடிக்கலாம்.

அடுத்த எல்.டி.எஸ். வந்தவுடன் பாயாதீர்கள்; அதன் முதல் திருத்தமான .1 வெளியீடு வந்த பின்பே உபுண்டுவும் அறிவிப்புக் காட்டும். ஓர் எல்.டி.எஸ்.ஸைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது. மேம்படுத்தும்போது வெளியார் மென்பொருள் களஞ்சியங்களான பி.பி.ஏ.க்கள் முடக்கப்படும், முன்பே பட்டியல் எழுதி வையுங்கள். கணினி நிலையைக் காப்பு எடுக்கும் டைம்ஷிஃப்ட் இயல்பாக ஹோம் கோப்புறையை நகலெடுக்காது, பில் கோப்புகளைத் தனி டிஸ்கில் எடுங்கள். தீபாவளி வியாபாரத்திலோ மார்ச் கணக்கு முடிப்பிலோ இந்த வேலை வேண்டாம், யு.பி.எஸ். இல்லாமல் எந்த நாளிலும் வேண்டாம்.