பி.இ.யோடு பி.எஸ்சி. கணிதமும் சேர்க்கலாமா?

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 ஏப்ரலில் அனுமதி கொடுத்ததிலிருந்து, பி.இ. படித்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் கணிதமும் சேரலாமா என்று பலர் யோசிக்கிறார்கள். சேரலாம், ஆனால் பணம் கட்டும் முன் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் உள்ள என்பிடெல் இணையதளத்தில் ரியல் அனாலிசிஸ் (மெய்யெண்களையும் சார்புகளையும் நிறுவல்களோடு அலசும் கணிதம்) பாடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள், பார்க்கக் காசு கிடையாது. பொறியியல் கணிதத்தில் லாப்லாஸ், ஃபூரியர் என்று பெரும்பாலும் கணக்குப் போட்டு விடை எடுப்போம். ரியல் அனாலிசிஸில் ஒரு சார்பு ஏன் தொடர்ச்சியானது என்று எப்சிலான், டெல்டா என்ற சிறு அளவுகளை வைத்து நிறுவ வேண்டும், அது வேறு மாதிரி உழைப்பு. அதோடு மல்லுக்கட்டுவது பிடித்திருந்தால் தயங்காமல் சேருங்கள். மெஷின் லேர்னிங்குக்காக மட்டும் என்றால் நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு இரண்டையும் ஆழமாகப் படியுங்கள், அதற்கு இன்னொரு பட்டம் வேண்டாம். அப்புறம், இரண்டு தேர்வு அட்டவணையும் மோதுமா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.