இலக்குப் பிஸ்டலுக்கு நாமே எடைக்கட்டி செய்வது எப்படி?

.22 பிஸ்டலில் (சுமார் 0.22 அங்குல விட்டக் குண்டு சுடுவது) உதைப்பு, அதாவது சுடும்போது பின்னால் தள்ளும் விசை, பெரிதாக இருக்காது. ஆனால் 4 விநாடிக்குள் ஐந்து குண்டு சுட வேண்டிய ரேபிட் ஃபயர் சுற்றில், ஒவ்வொரு முறையும் குழல் முனை எவ்வளவு துள்ளுகிறது, எவ்வளவு சீக்கிரம் அடுத்த இலக்கின் கருப்பு வட்டத்துக்கு வருகிறது என்பதுதான் புள்ளிகளைத் தீர்மானிக்கிறது. பிஸ்டலில் மாட்டும் எடைக்கட்டி, அதாவது ஒரு துண்டு பித்தளையும் இரண்டு திருகும், இதில் நிறையவே உதவும். சரியான இடத்தில் வைத்தால் மட்டும்!

நான் முதலில் செய்தது 180 கிராம் இரும்புக் கட்டி. எதையும் சோதிக்காமல் அறுத்து, குழலின் முனையிலேயே மாட்டினேன். முதல் பத்து குண்டுகள் அருமையாகப் போயின. இருபதாவது குண்டுக்குள் கை தளர்ந்து, சுட்டதெல்லாம் இலக்கின் கீழ்ப்பக்கம் இறங்கியது. அதனால்தான் சொல்கிறேன், உலோகத்தை அறுப்பது கடைசி வேலை.

எடை என்ன செய்கிறது?

.22 குண்டு சுமார் 2.6 கிராம். விநாடிக்கு 325 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1100 கிராம் பிஸ்டல் அதற்கு ஈடாக விநாடிக்கு சுமார் 0.77 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். 100 கிராம் சேர்த்தால் அது 0.70 ஆகும். அதாவது நேராகப் பின்னால் வரும் உதைப்பில் எட்டு சதவீதம்தான் குறைகிறது. இதற்காகவா இவ்வளவு வேலை என்று தோன்றலாம்.

விஷயம் துள்ளலில் இருக்கிறது. பிஸ்டல் மணிக்கட்டைச் சுற்றித்தான் மேலே எழும்புகிறது. அந்தச் சுழற்சிக்கு எடை கொடுக்கும் எதிர்ப்பு, தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கட்டிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைத்த 50 கிராம், 5 செ.மீ.யில் வைத்த அதே 50 கிராமைவிட ஒன்பது மடங்கு எதிர்ப்பு தரும். கைக்கு வரும் பாரமோ மூன்று மடங்குதான். முன்னால் தள்ளுவது லாபம்தான், ஆனால் அந்த மூன்று மடங்கைப் போட்டி முடியும்வரை தாங்கப்போவது உங்கள் தோள்.

தொடங்கும் முன்

மேகசினை (குண்டுகள் அடுக்கிய பெட்டியை) வெளியே எடுங்கள். சேம்பர், அதாவது குழலில் குண்டு ஏறி நிற்கும் அறை, காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். குண்டுகளை வேறு அறையில் வையுங்கள். எடையை மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

போட்டிக்குப் போகிறவர்கள் விதியையும் பார்த்துவிடுங்கள். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி 25 மீட்டர் பிஸ்டல் 1400 கிராமைத் தாண்டக்கூடாது. 300 × 150 × 50 மி.மீ. அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 1500 கிராம், பெட்டி 420 × 200 × 50. பிஸ்டலை இப்போதே தராசில் வைத்து, எத்தனை கிராம் மிச்சம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். துள்ளலைக் குறைக்க எடையில் துளை போட்டு, சுடும்போது வரும் வாயுவைத் திருப்பிவிடும் யோசனை வேண்டாம். 25 மீட்டரில் அதற்கு அனுமதி இல்லை.

படி 1: தற்காலிக எடை

வாஷர்களை ஒரு போல்ட்டில் கோர்த்து 30, 50, 80 கிராம் என மூன்று கட்டு செய்யுங்கள். முதலில் 50 கிராமை இன்சுலேஷன் டேப்பால் ட்ரிகர் கார்டுக்கு (விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு) சற்று முன்னால், ஃப்ரேமின் (பிஸ்டலின் அசையாத உடலின்) அடியில் ஒட்டுங்கள். ஸ்லைடில், அதாவது சுடும்போது பின்னால் போய்வரும் பாகத்தில், ஒட்டாதீர்கள். ஸ்லைடு கனத்தால் அது பின்னால் போகும் வேகமும் தூரமும் மாறும். காலி ஷெல் மாட்டிக்கொள்ளும், அடுத்த குண்டு ஏறாது.

வெள்ளைச் சுவரைப் பார்த்து இருபது முறை ட்ரை ஃபயர் செய்யுங்கள், அதாவது குண்டில்லாமல் ட்ரிகரை இழுங்கள். ட்ரிகர் விடும் நொடியில் முன் சைட் (குறிபார்க்கும் முன் முனை) நகர்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். அப்புறம் வாஷர் கட்டை இரண்டு செ.மீ. முன்னால் தள்ளி மீண்டும் இருபது. ஒரு கட்டத்தில் முன் சைட் தானாகக் கீழே இறங்கும். அங்கிருந்து இரண்டு செ.மீ. பின்னால் வாருங்கள். உங்கள் இடம் அதுதான். இதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். களைத்த கையோடும் ஒருமுறை சோதியுங்கள், ஏனென்றால் போட்டியின் கடைசிக் குண்டுகளை அந்தக் கைதான் சுடப்போகிறது.

படி 2: உலோகம்

ஒரு கன செ.மீ.க்கு அலுமினியம் 2.7 கிராம், இரும்பு 7.85, பித்தளை சுமார் 8.5, ஈயம் 11.3. ஈயம் கனமானதுதான். ஆனால் அதை வீட்டில் உருக்காதீர்கள். அதன் புகையும் தூசும் உடம்புக்குள் போனால் நஞ்சு. பித்தளை அறுக்க எளிது, துருவும் பிடிக்காது. 20 × 12 மி.மீ. பித்தளைப் பட்டையில் ஒரு செ.மீ. நீளம் ஏறத்தாழ 20 கிராம் வரும். சோதனையில் 60 கிராம் சரியாக இருந்தால், 3 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட்டி வெட்டினால் போதும். துளையிலும் அரத்திலும் சில கிராம் போய்விடும்.

படி 3: அறுத்து, துளைத்து, பொருத்துவது

பட்டையை வைஸில் இறுக்கி ஹாக்ஸாவால் அறுங்கள், ஓரங்களை அரத்தால் மழுக்குங்கள். துளை போடும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பித்தளைத் துகள் ஊசிபோல் தெறிக்கும்.

பிஸ்டலின் அடியில் ஏற்கெனவே மரைத் துளை (திருகு ஏறும் துளை) இருந்தால், அதே அளவுத் திருகு நுழையும்படி பட்டையில் துளைத்து, திருகின் தலை உள்ளே பதியும்படி வாயை அகலப்படுத்துங்கள். திருகு அதிக நீளமாக இருந்து உள்ளே எதையும் இடிக்கக்கூடாது. துளை இல்லாமல், குழல் நிலையாக வெளியே தெரியும் பிஸ்டல் என்றால், 30 மி.மீ. அகலப் பட்டை எடுத்து மேல்பக்கம் V வடிவப் பள்ளம் அராவுங்கள். குழலின் மேல் மெல்லிய அலுமினியப் பட்டியை வளைத்து, இருபுறமும் திருகால் இறுக்குங்கள். இடையில் மெல்லிய தோல் துண்டு வைத்தால் குழலில் கீறல் விழாது. குழலில் மட்டும் துளையோ மரையோ போட்டுவிடாதீர்கள். எந்த எடைக்காகவும் அதைச் செய்யக்கூடாது.

திருகில் கழற்றக்கூடிய வகை மரைப் பசை ஒரு சொட்டு விடுங்கள். பெயின்ட் அடிப்பது உங்கள் விருப்பம்.

படி 4: ரேஞ்சில்

ஸ்லைடைக் கையால் பலமுறை இழுத்துப் பாருங்கள். எங்கும் உரசக்கூடாது, ஷெல் வெளியேறும் வழியை மறைக்கக்கூடாது, குழல் வாயின் முன்னால் எதுவும் நீட்டக்கூடாது. முதல் குண்டை ஒன்றே ஒன்றாக ஏற்றிச் சுட்டு, திருகைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் ஐந்து குண்டு, மீண்டும் திருகு.

குண்டு விழும் இடம் மாறியிருக்கும், குழலில் நேரடியாக மாட்டியிருந்தால் இன்னும் அதிகமாக. பயப்பட வேண்டாம், உடனே சைட்டைத் திருகவும் வேண்டாம். ஐந்தைந்தாக நான்கு இலக்குகள் சுட்டு, குண்டுகளின் கூட்டம் எங்கே நிலைக்கிறது என்று பார்த்த பிறகு சைட்டைச் சரிசெய்யுங்கள். பிஸ்டலை மறுபடி தராசில் வைத்து, வந்த எடையை ஒரு சீட்டில் எழுதிப் பிஸ்டல் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். அடுத்த எடைக்கட்டி செய்யும்போது அந்த எண்ணிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம்.