மரவிட்ட மாடியில் புதுத் தரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி பழையபேட்டை, தருமபுரி குமாரசாமிப்பேட்டைப் பக்கம் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளைப் புதுப்பிக்க இப்போது பலர் இறங்கியிருக்கிறார்கள். தேக்கு விட்டம், அதன்மேல் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்திவைத்த செங்கல், செங்கல் ஜல்லி, தட்டோடு என்று கட்டிய மாடி. டைல்ஸ் பத்தாமல் போவது, நிறம் மாறி வருவது எல்லாம் கடைக்கு இன்னொரு நடை போனால் சரியாகிவிடும். மேஸ்திரியும் வீட்டுக்காரரும் சேர்ந்தே செய்கிற தவறுகள் வேறு.

பள்ளத்தை கான்கிரீட் போட்டு மட்டமாக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பழைய விட்டம் நடுவில் தொய்ந்திருக்கும். நூல் கட்டினால் இரண்டு அங்குலம் இறக்கம் காட்டும். உடனே கலவையைக் கொட்டி, மேலே கிரானைட். போன வருடம் புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு தம்பியிடம் வேண்டாம் என்றேன். "கல்லு நம்ம ஊர்லயே கிடைக்குதுண்ணா, போட்டா என்ன?" என்றார்.

என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். நூறு சதுர அடிக்கு இரண்டு அங்குல கான்கிரீட் ஒரு டன்னுக்கு மேல். 18 மி.மீ. கிரானைட் சுமார் 450 கிலோ. கல் பதிக்கும் ஓர் அங்குலக் கலவை இன்னொரு அரை டன். ஆக, சதுர மீட்டருக்கு 200 கிலோவைத் தாண்டிவிடுகிறது. வீட்டு அறையில் ஆட்கள், சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்தியத் தர விதி ஒதுக்கும் பாரமே சதுர மீட்டருக்கு 200 கிலோதான். கட்டில் பீரோ ஏறும் முன்பே அந்த இடம் நிரம்பிவிட்டது. அதிலும் கலவை எங்கே கனமாக விழுகிறது? விட்டம் தளர்ந்த அதே நடுப்பகுதியில். நிரந்தர எடையைத் தாங்கும் மரம் வருடக்கணக்கில் மெல்ல வளைந்துகொண்டே இருக்கும்.

அந்தத் தம்பி கல் போட்ட வீட்டில் ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, கல் இணைப்புகள் வாய் பிளந்தன. கீழறைக் கதவு இறுகிக்கொண்டது. பிறகு ஜாக்கி முட்டுக் கொடுத்து எல்லாவற்றையும் உடைத்து எடுத்தார்கள். இறக்கும் கூலியும் வீட்டுக்காரர் தலையில்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. முதலில் முட்டுக் கொடுத்துவிட்டு, தட்டோட்டையும் ஜல்லியையும் எடுத்து எடையைக் குறையுங்கள். தொய்வு அதிகமென்றால் விட்டங்களுக்குக் குறுக்கே கீழே ஒரு ஐ பீம் (ஐ வடிவ இரும்பு உத்திரம்). அளவைக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்லட்டும். மட்டத்துக்கு, பள்ளத்துக்கேற்பச் சீவிய ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), அதன்மேல் பிளைவுட், வினைல் விரிப்பு. கிரானைட் ஆசையைத் தரைத்தளத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.

விட்டத்தின் நுனியைப் பார்க்காமல் விடுவது

நடுவில் தட்டினால் தேக்கு கணீரென்று ஒலிக்கும், நம்பாதீர்கள். ஈரமும் கரையானும் சுவருக்குள் போகிற நுனியில்தான் பிடிக்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரைக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் தரை வேலை அப்புறம்.

பைப்புக்காக விட்டத்தை வெட்டுவது

நடுவில், அடிப்பக்கத்தில் வெட்டவே கூடாது. இழுவிசை மிக அதிகம் அங்கேதான்.

மாடியில் புது பாத்ரூம்

வேண்டாம்.