தைப்பூச மாத்திரையும் கருத்தடை மாத்திரையும்

தைப்பூசம் நெருங்கிவிட்டால் கோலாலம்பூர் செந்தூலில் நான் வேலை செய்யும் மருந்தகத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். பத்துமலைக்குப் பால்குடம் எடுக்க வேண்டும், தேதி இடிக்கிறது, மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வேண்டும். விரதம் இருந்து 272 படி ஏறப் போகும் பெண்ணின் கவலை நியாயமானது. என்னைக் கவலைப்பட வைப்பது மிச்சமாகும் மாத்திரைதான். அலமாரியில் கிடக்கும் அந்த அட்டையைச் சில மாதங்கள் கழித்துத் தங்கையோ நாத்தனாரோ கருத்தடை மாத்திரை என்று எண்ணி எடுத்துக்கொள்கிறார்கள்.

மாதவிலக்கைத் தள்ளிப்போடும் அந்த மாத்திரை பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன். புரொஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைப் போலச் செயல்பட்டு, கருப்பையின் உள்படலம் உதிராமல் பிடித்து வைக்கும். மாதவிலக்கு வர வேண்டிய நாளுக்கு 3 நாள் முன்பே தொடங்கி, 5 மில்லிகிராம் வீதம் தினமும் மூன்று வேளை எடுப்பது வழக்கம். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வந்துவிடும். உதிரம் தொடங்கிய பிறகு ஓடி வந்து வாங்குவதில் பயனில்லை. இப்படி எடுக்கும்போது இதைக் கருத்தடையாக நம்பவே கூடாது. இரத்த நாளத்தில் இரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி விழுங்குவது ஆபத்து. மாதம் முழுவதும் ஒரே அளவுள்ள கூட்டுக் கருத்தடை மாத்திரையை ஏற்கெனவே எடுப்பவருக்கு இது தேவையே இல்லை. இடைவெளி விடாமல் அடுத்த அட்டையைத் தொடங்கினாலே மாதவிலக்கு தள்ளிப்போகும். இதை வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே, வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதைத்தான்.

கூட்டு மாத்திரையில் ஈஸ்ட்ரோஜென், புரொஜெஸ்டிரோனைப் போன்ற புரொஜெஸ்டோஜென் என்ற இரண்டு ஹார்மோன்கள் இருக்கின்றன. இவை மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடக்குவதால் சூலகத்தில் கருமுட்டை முதிர்ந்து வெளியேறுவதில்லை. பொதுவாக 21 நாள் மாத்திரை, 7 நாள் இடைவெளி. அந்த இடைவெளியில் இந்தப் பிடி தளர்ந்து, ஏழாம் நாள் முடிவதற்குள் கருமுட்டைப் பைகள் வளரத் தொடங்கியிருக்கும். அதனால்தான் புதிய அட்டையைத் தாமதமாகத் தொடங்குவதை எல்லாத் தவறுகளிலும் பெரியதாக நான் நினைக்கிறேன். அட்டையின் நடுவில் ஒரு மாத்திரை தவறியதற்குப் பதறும் பெண்கள், ஊருக்குப் போய்வந்த அலைச்சலில் புதிய அட்டை இரண்டு நாள் தள்ளிப்போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

“அக்கா, மூன்று நாள் மறந்துவிட்டேன், மூன்றையும் சேர்த்துப் போடட்டுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். கூட்டு மாத்திரையில் ஒன்று மட்டும் தவறினால் நினைவு வந்தவுடன் அதை எடுத்துவிட்டு வழக்கம்போலத் தொடரலாம். இரண்டோ அதற்கு மேலோ தவறினால், கடைசியாகத் தவறிய ஒன்றை மட்டும் எடுத்து, அடுத்த 7 நாளும் ஆணுறை பயன்படுத்த வேண்டும். முதல் வாரத்தில் இப்படித் தவறி, அந்த வாரத்திலோ அதற்கு முந்திய இடைவெளியிலோ உறவு கொண்டிருந்தால் அவசரக் கருத்தடை பற்றி உடனே கேளுங்கள். கடைசி வாரத்தில் இப்படித் தவறினால் இடைவெளியே விடாமல் அடுத்த அட்டைக்குப் போய்விடுங்கள். பாலூட்டும் தாய்மாருக்குத் தரப்படும் புரொஜெஸ்டோஜென் மட்டும் உள்ள மாத்திரைக்கு இந்தக் கணக்கு செல்லாது. பழைய வகைகளில் 3 மணி நேரத் தாமதமே தவறியதாகக் கொள்ளப்படும். புதிய வகையான டெசோஜெஸ்ட்ரெல் என்றால் 12 மணி நேரம்.

காய்ச்சலுக்கு அமாக்சிசிலின் எடுக்கிறேன் என்று கருத்தடையை நிறுத்துவதும் வேண்டாத வேலை. மாத்திரையின் பலனைக் குறைப்பவை காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாசபைன், ஃபெனிட்டோயின் போன்றவை. இவற்றை எடுப்பவர் கட்டாயம் சொல்ல வேண்டும். 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்முன் ஒளி மின்னும் ஒற்றைத் தலைவலி வருபவர்கள் ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரையைத் தாமாக வாங்கவே கூடாது.

மாத்திரை போட்டால் பிறகு பிள்ளை தங்காது என்று நம் வீடுகளில் இன்னும் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திய சில மாதங்களில் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசிதான் சுணங்கும். கடைசி ஊசிக்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டு ஆகலாம். அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்பவர் அந்த ஊசியைத் தேர்ந்தெடுப்பது சரியில்லை.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்களின் தவறுகள் வேறு. தோழிக்குப் பலித்தது என்று அவள் மிச்சம் வைத்த குளோமிஃபீனை எடுப்பது அவற்றில் ஒன்று. அது சூலகத்தைத் தூண்டும் மருந்து. எத்தனை கருமுட்டைகள் வளர்கின்றன என்று ஸ்கேனில் பார்க்காமல் எடுத்தால் இரட்டைக் கருவுக்கும் சூலக வீக்கத்திற்கும் இடமுண்டு. கருமுட்டை வெளிவந்ததா என்று பார்க்கும் 21ஆம் நாள் புரொஜெஸ்டிரோன் சோதனையிலும் தவறு நடக்கிறது, அது 28 நாள் சுழற்சிக்கு மட்டுமே பொருந்தும். 35 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவர் 28ஆம் நாளில் செய்ய வேண்டும். இல்லையென்றால் கருமுட்டை வெளிவரவே இல்லை என்று வீணாக மனம் உடைந்துபோவார்.

35 வயதுக்குக் கீழே ஓராண்டு, அதற்கு மேல் ஆறு மாதம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்கலாம். ஜாலான் ராஜா லாவுட்டில் தலைமையகம் கொண்டு 1966 முதல் இயங்கும் எல்பிபிகேஎன் என்ற தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக்குகளிலும் கேட்கலாம். ஆனால் இருவரும் சேர்ந்து போங்கள். ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. மனைவிக்கு ஸ்கேன், இரத்தச் சோதனை, சோதிடம், நேர்த்திக்கடன் எல்லாம் முடிந்த பிறகும் கணவரின் விந்துப் பரிசோதனை நடக்காமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதைவிட எளிய, மலிவான பரிசோதனை கிடையாது.

உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னார் என்று டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோனைக் கண்டதும் பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி பூஜ்யத்திற்கே போகலாம். நிறுத்தினாலும் மீண்டுவரப் பல மாதங்கள் பிடிக்கும், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல். மருத்துவர் கேட்கும்போது மனைவி பக்கத்தில் இருக்கிறாளே என்று இதை மறைக்காதீர்கள்.